கட்டச் சேலையும் கைப்பேசியும்

காஞ்சித் தறிகளில் பல வண்ணக் கட்டச் சேலை நெய்யப்படுவதைக் கண்டிருக்கிறோம். ஒரு வண்ணம் அடுத்த கட்டத்தில் வாராது. சற்றுத் தள்ளி மீண்டும் வரும். கைப்பேசியின் தொடக்ககால நுட்பமும் ஏறத்தாழ இதுவே.

அலைவரிசைகள் அளவுள்ளவை. ஊருக்கு ஒரே கோபுரமெனில் சிலர் பேசுவதற்குள் அவை தீர்ந்துபோம். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து டக்ளஸ் ரிங் ஒரு வழி கண்டார். நிலப்பரப்பைச் 'செல்' எனும் சிறு கண்ணறைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் ஆற்றல் குறைந்த கோபுரம் நாட்டுவது. அண்டைக் கண்ணறைக்கு வேறு அலைவரிசை, தொலைவிலுள்ளதற்கு அதுவே மறுபடியும். பேசியவாறே பேருந்தில் செல்பவரை ஒரு கோபுரம் மற்றொன்றிடம் ஒப்படைக்கும், பேச்சு அறாது. பிற்கால முறைகளோ அண்டைக் கண்ணறையிலும் அதே அலைவரிசையை ஆளக் கற்றன.

நம் நாட்டின் முதல் அழைப்பு 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது; பேசியவர் முதல்வர் ஜோதிபாசு.

காஞ்சி மாவட்டத்துத் திருப்பெரும்புதூரில் 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை திறக்கப்பட்டது. சுற்றுச் சிற்றூர்களின் பெண்மக்கள் திரளாக வேலைக்குச் சென்றனர். பல குடும்பங்களில் மாதச் சம்பளம் என்பதே அப்பொழுதுதான் நுழைந்தது. 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. அதற்கு முன்னரே ஆயிரக்கணக்கானோர் 'விருப்ப ஓய்வு' பெற்று வெளியேறியிருந்தனர். இருபதுகளில் இருப்போருக்கு ஓய்வாம்!