ஈப்போவின் அரை மணி நேரம்

மாணவர்களே, சி நிரலுக்கு நேரம் 0 என்று கொடுத்து, ஈப்போவில் அப்போது மணி என்ன என்று கேளுங்கள். கணினியின் நேரக் கணக்கு 1970 ஜனவரி 1 அன்று, உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் தொடங்குகிறது. நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகவே காலை 8.00 என்பீர்கள். நிரல் 7.30 என்கிறது!

நிரல் சொல்வதுதான் சரி. அன்று தீபகற்ப மலேசியா ஏழரை மணி நேரமே முன்னால் இருந்தது. தோட்டத்தில் பெரட்டுக்கு அடித்த மணியும் அந்தக் கணக்குதான். 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டோம். 1950களில் பிறந்த உங்கள் தாத்தாவின் பிறந்த நேரத்தை 8 வைத்துக் கணக்கிட்டால் அரை மணி பிசகும்.

எந்த ஊர் நேரம் வேண்டும் என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? நிரல் தொடங்கும்போதே பெயரும் மதிப்புமாகச் சில குறிப்புகள் அதன் கைக்கு வருகின்றன. இவை சூழல் மாறிகள். நேரத்துக்கு உரியது 'டிஇஸட்'. 'கெட்என்வ்' அதைப் படிக்கும். மாறியே இல்லையென்றால் 'நல்' கிடைக்கும். அதைச் சோதிக்காமல் பயன்படுத்தினால் நிரல் முறிந்துபோகலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

லினக்ஸில் 'செட்என்வ்' கொண்டு மதிப்பை 'ஆசியா/கோலாலம்பூர்' என மாற்றுங்கள். ஈப்போவுக்கென்று தனி மண்டலம் இல்லை. பிறகு 'டிஇஸட்செட்' அழைத்து, 'லோக்கல்டைம்' கேளுங்கள். அதே 0-க்கு 'ஆசியா/கூச்சிங்' கொடுத்தால் 8.00 வரும்.

நிரல் முடிந்ததும் டெர்மினலில் 'டிஇஸட்' மதிப்பைப் பாருங்கள்: பழையதே இருக்கும். நிரல் மாற்றியது தன் கையிலிருந்த நகலை மட்டுமே. அது தொடங்கிவைக்கும் வேறு நிரல்களுக்கு வேண்டுமானால் அந்தப் புதிய மதிப்பு போய்ச் சேரும்.