வெயிலும் ஊக்கமும்

சென்ற வைகாசியில் ஒரு மாலைப்பொழுது, எம் கல்லூரியில் யாப்பிலக்கணம் பயிலும் மாணவனொருவன் என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தான். மரதன் ஓட்டத்திற்குப் பயிற்சி செய்பவன், பாடத்திலும் கெட்டிக்காரன்.

"ஐயா, கால் ஓடுகிறது, மனந்தான் ஓடமாட்டேன் என்கிறது. பத்து மைல் ஓடவேண்டிய நாளில் நாலு மைலோடு திரும்பிவிடுகிறேன். வெயிலைக் கண்டாலே வெறுத்துப்போகிறது" என்றான்.

ஊக்கம் என்னும் சொற்குப் பொருள் கேட்டிருந்தாற் கூறியிருப்பேன். வள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என அடுத்தடுத்து வைத்த முறைவைப்பின் நயத்தையும் ஒரு நாழிகை விரித்திருப்பேன். அவன் கேட்டதோ பொருளன்று, வழி. அன்றியும், அவனுக்கு அறிவுரை கூற என் நா எழாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளின் முன், வேறொரு பாடசாலையில், ஓட்டப்போட்டிக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. உச்சி வெயிலில் ஒரு பையன் தண்ணீர் கேட்டான். இடையிற் குடித்தால் மூச்சு இளைக்கும் என்று தடுத்தேன். சோம்பேறி என்றும் ஏசினேன். உரோசக்காரப் பையன், மறுபடி ஓடினான். கால் மைல் தூரத்தில் விழுந்தான். பிழைத்துக்கொண்டான், ஆயினும் அதன்பின் அவன் மைதானத்திற் கால் வைக்கவில்லை.

ஆதலால், இம்மாணவனுக்கு அறிவுரைக்குப் பதிலாக ஒரு வரலாற்றைச் சொன்னேன்.

யப்பானின் குமமோத்தோப் பகுதியில் 1891 இற் பிறந்தவர் கனகுரி சிசோ. பள்ளிக்குப் போகவும் வரவுமாக நாள்தோறும் ஏறத்தாழப் 12 கிலோமீற்றர் ஓடிய சிறுவர் அவர். இரு முறை மூச்சை இழுத்து இரு முறை விட்டால் வழி எளிதாகும் என்பதை அந்த ஓட்டத்திலேயே தாமாகக் கண்டுகொண்டார். பின்னர் டோக்கியோ உயர் ஆசிரிய கலாசாலையில் மாணவரானார். அதன் தலைவர் யூடோக் கலையைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ. ஓட்டப் பயிற்சி செய்வோர் நீரை ஒறுத்து, வியர்வையை வலிந்து வடித்தால் உடல் இலேசாகும் என்பது அக்காலத்து நம்பிக்கை. கனகுரியும் அதனைச் செய்து பார்த்து, உடம்பு நலியவே கைவிட்டார். (நான் அந்தப் பையனுக்குச் செய்ததும் இதுதானே!)

1912 இல் ஸ்ரொக்கோம் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவுக்கு யப்பான் முதன்முதலாக வீரரை அனுப்பியது. சென்றவர் இருவர்; ஒருவர் கனகுரி. கப்பலிலும் சைபீரியப் புகையிரதத்திலும் இரண்டு வாரங்களுக்கு மேற் பயணம். போய்ச் சேர்ந்த இடத்திலோ இரவிலும் வெளிச்சம், உறக்கமில்லை. யூலை 14 ஆந் தேதி, பிற்பகலில் மரதன் ஓட்டம் தொடங்கியது. குளிர்நாடு என்று பெயர்பெற்ற சுவீடனில் அன்று வெப்பம் 32 பாகையளவு. ஓடியவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முடிவைக் காணவில்லை. போர்த்துக்கலின் தச்சுத் தொழிலாளி பிரான்சிஸ்கோ லாசரோ வீழ்ந்து, மறுநாள் உயிர்நீத்தார். அவர் உடலிற் பூசியிருந்த மெழுகு வியர்வையைத் தடுத்தது என்பர். கனகுரியும் பாதி வழிக்குச் சற்று அப்பால் மயங்கினார். அவ்வழியிற் குடியிருந்த குடும்பமொன்று அவரைத் தேற்றியது. நாணமிகுதியாலோ என்னவோ, ஓட்டத்தை விட்டதை அதிகாரிகளுக்கு அறிவியாமலே ஊர் திரும்பினார்.

இங்கே கதையை நிறுத்தி, "அவருக்கு ஊக்கம் குறைவா?" என்று மாணவனைக் கேட்டேன்.

"இல்லை" என்றான்.

இல்லைத்தான். ஊக்கம் மிக்கிருந்தது, வெயிலோடு பழக்கமில்லை. ஊர் திரும்பிய கனகுரி செய்தது யாது? கோடையில், போசோத் தீபகற்பத்துத் தத்தெயாமாக் கடற்கரைக்குச் சென்று, தலையில் தொப்பியுமின்றி நண்பகல் வெயிலில் ஓடிப் பழகினார். தொப்பியின்றி ஓடுதலை நான் எவருக்கும் விதியேன். ஆயினும் அவர் எண்ணம் பிழையன்று. பத்து முதற் பதினான்கு நாட்கள் வெப்பத்தில் அளவாக உழைத்தால், வியர்வை முந்திச் சுரக்கும். அதில் உப்புக் குறையும். குருதியின் நீர்ப்பகுதி கூடும். அதே வேகத்திற்கு இதயம் முன்னிலும் குறைவாகத் துடிக்கும் என இன்றைய உடலியலார் கூறுவர். இஃது உடம்பின் செய்தி மட்டுமன்று. வெப்பம் ஏறும்போது ஓட்டம் தாங்கொணாததாகத் தோன்றுவதும், கால் தானே தளர்வதும், உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. மனம் மறுக்கிறது என்று நாம் சொல்வதிற் பாதி, உடம்பு இடும் ஓலம். அதனை மடி என்று பெயரிட்டு ஏசினால், பையன் ஒன்றில் விழுவான், அன்றேல் விட்டுவிடுவான்.

நிற்க. கனகுரியின் வரலாற்றில் என்னை வியப்பிலாழ்த்துவது இனி வரும் பகுதியே. எந்த விழாவுக்காக அவர் வெயிலில் வெந்தாரோ, அந்த 1916 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் உலகப்போரால் நடைபெறாது போயிற்று. அப்போது அவருக்கு வயது 25. குறி மறைந்தபின் ஓடுவதெங்ஙனம்? அவர் துணைவரைத் தேடினார். 1919 ஆம் ஆண்டுக் கோடையில், தோழர் ஒருவருடன் சிமொனோசெக்கியிலிருந்து டோக்கியோ வரை ஏறத்தாழ 1,200 கிலோமீற்றரை 20 நாளில் ஓடி முடித்தார். அவர் முன்னின்று தொடக்கிவைத்த ஹக்கோனே அஞ்சலோட்டம் 1920 இல் நான்கு கல்லூரிகளுடன் தொடங்கியது. இன்றும் ஆண்டுதோறும் நடக்கின்றது. அதே ஆண்டு அன்ற்வேர்ப் ஒலிம்பிக்கில் 16 ஆவதாக வந்தார். 1924 இற் பாரிசில் மீண்டும் இடைவழியில் நின்றார். பதக்கமென்று ஒன்றும் இல்லை. புவியியல் ஆசிரியராகப் பணிசெய்து, பெண்பிள்ளைகளும் விளையாட வேண்டுமென்று உழைத்தார்.

1967 இற் சுவீடன் அவரை அழைத்தது. 75 வயதிற் கோட்டணிந்தபடி ஓடி, பழைய ஓட்டத்தின் எல்லைக்கோட்டைக் கடந்தார். 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி எனக் காலம் அறிவிக்கப்பட்டது.

மாணவன் சிரித்தான். பின் சற்று நேரம் பேசாதிருந்து, "நான் தனியே ஓடுகிறேன், ஐயா; அதுதான் பிழையோ?" என்றான். நான் விடை கூறவில்லை.

இப்போது அவனுடன் கீழ்வகுப்புப் பையன்கள் இருவர் ஓடுகின்றனர். புறப்படுவது விடியற்காலை ஐந்து மணிக்கு. கணக்கு மைலில் அன்று, மணியில். வெப்பம் மிக்க நாளில் மெதுவாக ஓடினாலும் குறையில்லை என்று மூவரும் தம்முள் உடன்பட்டிருக்கின்றனர். ஒரே நெடுந்தெருவை விட்டு, மரநிழலுள்ள ஒழுங்கைகளிற் சுற்றிச்சுற்றி ஓடுவதால், இரண்டு மைலுக்கொரு முறை என் படலையைக் கடக்கின்றனர்.

சனிக்கிழமைகளில் நான் அங்கே தண்ணீர்ச் செம்போடு நிற்கிறேன்.