ஒரே நிரல், பல கைப்பேசிகள்

கைப்பேசியில் இயங்கும் செயலி ஒவ்வொன்றும் அக்கைப்பேசியின் இயக்க முறைமைக்கு இசைந்த மொழியில் எழுதப்படுவது வழக்கம். 2008ஆம் ஆண்டில் ஐபோனுக்கு ஆப்ஜெக்டிவ்-சி மொழியும், ஆண்டிராய்டுக்கு ஜாவா மொழியும் உரியனவாக இருந்தன. ஆகவே, ஒரே பணியைச் செய்யும் செயலியை இருமுறை எழுத நேர்ந்தது. இதனால் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாயின.

இவ்விடர்ப்பாட்டை நீக்கும் பொருட்டு, கனடாவின் வான்கூவர் நகரிலிருந்த நிட்டோபி நிறுவனத்தார் அவ்வாண்டிலேயே 'ஃபோன்கேப்' என்னும் சட்டகத்தை உருவாக்கத் தொடங்கினர். வலைப்பக்கங்களைக் காட்டும் ஆற்றல் இவ்வகைக் கைப்பேசிகள் அனைத்திற்கும் பொதுவானது. எனவே, வலைப்பக்கம் அமைக்க உதவும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் கொண்டே செயலியை எழுதலாம் என்பது இதன் அடிப்படைக் கருத்தாகும்.

இம்முறையில் செயலியின் கூடு மட்டுமே அந்தந்தக் கைப்பேசிக்குரிய மொழியில் அமைகிறது. கூட்டினுள், முகவரிப் பட்டை முதலியன இல்லாத உலாவி ஒன்று திரை முழுவதும் பரவி நிற்கும். இதற்கு 'வெப்வியூ' என்று பெயர். செயலியின் பக்கங்கள் யாவும் இதில் தோன்றும். கைப்பேசியின் கோப்புகள், தொடர்பு எண்கள் போன்றவற்றைச் சாதாரண வலைப்பக்கம் தன் விருப்பப்படி அணுக இயலாது. இங்கோ, 'செருகுநிரல்' என்னும் சிறு பகுதி இடையே பாலமாக அமைகிறது. படம் எடுக்குமாறு ஜாவாஸ்கிரிப்ட் விடுக்கும் கட்டளையை அது ஏற்று, கைப்பேசியின் மொழியில் கேமராவுக்கு உணர்த்தி, எடுத்த படத்தைச் செயலிக்குத் திருப்பித் தருகிறது.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. விரைந்து மாறும் காட்சிகளைக் கொண்ட விளையாட்டுகளுக்கு இது அத்துணைப் பொருத்தமன்று. மேலும், தீய நிரல் ஏதேனும் பக்கத்தினுள் புகுந்துவிடின், அதுவும் பாலத்தைக் கடந்து செல்லக்கூடும். ஆதலின், தேவையற்ற செருகுநிரல்களைச் சேர்க்காதிருத்தல் நலம்.

2011ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் நிட்டோபியை விலைக்கு வாங்கியது. அப்பொழுது ஃபோன்கேப்பின் மூல நிரல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. நிட்டோபியின் அலுவலகம் இருந்த தெருவின் பெயரால் அது 'கார்டோவா' எனப் பெயர் பெற்றது. அதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம், கட்டணமின்றி உபயோகிக்கலாம்.

இவ்வுரிமையின் பயன் பின்னரே நன்கு விளங்கிற்று. 2020இல் அடோபி ஃபோன்கேப் பணியை நிறுத்திக்கொண்டது. மூல நிரல் ஒரு நிறுவனத்தின் தனியுடைமையாக இருந்திருப்பின், அதனை நம்பி எழுதப்பெற்ற செயலிகள் ஆதரவற்றுப் போயிருக்கும். ஆனால், கார்டோவா பொதுவில் இருந்தமையால் அவற்றை அதன் துணைகொண்டு தொடர்ந்து பேண முடிந்தது. 'அயானிக்' குழுவினரின் 'கெப்பாசிட்டர்' என்னும் சட்டகமும் இதே வெப்வியூ நெறியைப் பின்பற்றுகிறது. எனவே, சட்டகம் ஒன்றைத் தேர்ந்தெடுப்போர் அதன் வசதிகளை மட்டுமன்றி, அதன் மூல நிரல் யாவர்க்கும் உரியதா என்பதையும் ஆராய்தல் இன்றியமையாதது.