தருமமா, கடனா?

தேனி மாவட்டத்தில், தேவாரத்தை அடுத்து, மேற்கு மலையின் அடிவாரத்தில் பொட்டிப்புரம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலேயே பலர் அறியாதிருந்த இவ்வூரின் பெயர் 2015-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. இங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் அமைத்து, அதனுள் நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் கூடம் நிறுவுவதற்கு மத்திய அமைச்சரவை அம்மாதத்தில்தான் ஒப்புதல் தந்தது. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. உழவர்கள் எதிர்த்தனர், வழக்குகள் நடந்தன, 2022-இல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் தன் மறுப்பைத் தெரிவித்தது. அத்திட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது நமது நோக்கமன்று. அதையொட்டி ஊரார் நெஞ்சில் எழுந்த ஒரு கேள்விதான் இங்கு நமக்கு வேண்டியது: இத்துணைப் பெரிய காரியம் எங்கள் மண்ணில் நடக்குமானால், எங்கள் ஊருக்கு என்ன கிடைக்கும்?

இக்கேள்வியைக் கேட்டு முகஞ்சுளிக்கும் படித்தவர்கள் உண்டு. ஏழைகள் எதற்கும் விலை பேசுகிறார்கள் என்பது அவர்கள் எண்ணம். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. நியூட்ரினோக் கூடம் அரசின் ஆராய்ச்சித் திட்டமே தவிர வியாபாரமன்று. ஆனால் இதே கேள்வியை ஓர் ஆலையின் வாசலிலோ, ஒரு தோட்டத்தின் எல்லையிலோ நின்று கேட்பது முற்றிலும் நியாயமானது. அதற்கு நமது நாட்டுச் சட்டமும் இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறது.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தில் 135-ஆவது பிரிவு என ஒன்றுண்டு. 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. 500 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர மதிப்போ, 1,000 கோடிக்குக் குறையாத ஆண்டு விற்பனையோ, 5 கோடிக்குக் குறையாத நிகர இலாபமோ உடைய கம்பெனி, முந்திய மூன்றாண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாய நலனுக்குச் செலவிடவேண்டும் என்பது அதன் சாரம். கல்வி, மருத்துவம், குடிநீர், துப்புரவு, சுற்றுச்சூழல் முதலிய எவ்வெவற்றுக்குச் செலவிடலாம் என்பதை அச்சட்டத்தின் 7-ஆவது அட்டவணை கூறுகிறது. செலவிடாமல் வைத்திருக்கும் தொகையைக் குறித்த காலத்துக்குள் தனிக் கணக்கிலோ அரசு குறிப்பிட்ட நிதியிலோ செலுத்தவேண்டும் என்று 2021-இல் விதியை இறுக்கினார்கள். அரசியல் கட்சிகளுக்குத் தரும் நன்கொடை இக்கணக்கில் சேராது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதையும் எழுதி வைக்கவேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம்!

இதைத்தான் சமூகப் பொறுப்பு நிதி என்றும், சி.எஸ்.ஆர். நிதி என்றும் அழைக்கிறார்கள். இந்நிதியால் பள்ளிக்கு வகுப்பறையும், மருத்துவமனைக்குக் கருவியும், கண்மாய்க்குத் தூர்வாரலும் கிடைத்த ஊர்கள் தமிழகத்தில் பல. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சில இடங்களில் தண்ணீர்த் தொட்டி சிறிதாகவும் பெயர்ப்பலகை பெரிதாகவும் இருப்பதைக் காண்கையில், வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் அறிவுரை நினைவுக்கு வருவதை மட்டும் தவிர்க்க முடியவில்லை.

அச்சட்டத்தின் இரண்டு விதிகளை நம் குடும்பங்கள் உற்று நோக்கவேண்டும். கம்பெனி தான் தொழில் நடத்தும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்பது ஒன்று. இது கட்டாயமன்று, வழிகாட்டுதலே என்று 2021-இல் அரசு விளக்கம் தந்தது. எனினும் பணம் பெரும்பாலும் ஆலைகள் இருக்கும் பக்கமே பாயும் என்பது இயல்பு. தன் சொந்தத் தொழிலாளருக்கெனச் செய்யும் நன்மைகளை இந்த 2 விழுக்காட்டில் சேர்க்கக்கூடாது என்பது மற்றொன்று. வேலையாளுக்குக் கொடுப்பது வேறு, ஊருக்குக் கொடுப்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழித்துக்கொள்ள முடியாது. சட்டம் எழுதியவர்கள் இதில் தெளிவாகவே இருந்திருக்கிறார்கள்.

இவ்விரண்டையும் கொண்டு பொட்டிப்புரத்தைப் பார்ப்போம். கம்பம் பள்ளத்தாக்கு உழவு நிலம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும், வாழையும், திராட்சையும் விளையும் பூமி. பெரிய கம்பெனிகள் இங்குக் குறைவு. ஆகவே முன்னுரிமை பெறும் ‘சுற்றுப்புறம்’ என்னும் பேறு நமது ஊர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அப்படியானால் இங்குள்ள மக்கள் எந்தத் தொழிலுக்கும் உழைக்கவில்லையா? அங்குதான் நெஞ்சை உறுத்தும் செய்தி இருக்கிறது.

விடியுமுன் தேவாரம், போடி, கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களின் தெருக்களில் நின்று பாருங்கள். தூக்குச் சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்பர். ஏறக்கூடிய அளவுக்கு மேல் ஏறிக்கொண்டு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகளில் வளைந்து வளைந்து சென்று, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் இறங்குவர். களை எடுத்து, காய் பறித்து, அந்தி சாய்ந்தபின் வீடு திரும்புவர். தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாக நேர்ச்சாலை வேண்டும் என்று இப்பகுதியார் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள், அதுவரை சுற்றுவழிதான். வண்டி கவிழ்ந்து உயிரிழந்தோரும் ஊனமுற்றோரும் உண்டு. அங்கன்வாடி கதவு திறப்பதற்குள் தாய் மலை ஏறிவிடுகிறாள். குழந்தையைப் பாட்டியோ, பக்கத்து வீடோ, மூத்த பெண்ணோதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மூத்த பெண்ணின் பள்ளிப் படிப்பு என்னவாகிறது என்பதைப் பங்குக் குருக்கள் நன்கறிவர்.

அவள் பறித்த காயும் மலையிறங்கிப் போடிநாயக்கனூருக்கே வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் கேரளத்தில் புற்றடியிலும், தமிழகத்தில் போடியிலும் நடைபெறுகிறது. உலகச் சந்தைக்குச் செல்லும் செல்வம் அது. ஆயினும் 135-ஆவது பிரிவு அவளைத் தொடுவதில்லை. தோட்டங்களில் பெரும்பாலானவை சிறியவை. வியாபாரிகள் பலர் கம்பெனியாகப் பதிவு செய்தவரல்லர். சட்டம் சொல்லும் கோடிகளின் வரம்புக்குள் அவர்கள் வருவதில்லை. பெரிய தோட்டக் கம்பெனி ஒன்று வரம்புக்குள் வந்தாலும், அதன் ‘சுற்றுப்புறம்’ மலைக்கு அப்பால் இருக்கிறது. உழைப்பு அப்பால், வீடும் குழந்தையும் நோயும் இப்பால்.

சட்டம் தொடாத இடத்தில் மனச்சாட்சி தொடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மனச்சாட்சி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு நம் கண்ணெதிரே ஒரு சான்று உண்டு. போடிமெட்டைத் தாண்டிச் சென்றால் மூணாறு வந்துவிடும். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். 1898-இல் தொடங்கிய கார்மேல் அன்னை ஆலயத்தில் தலைமுறை தலைமுறையாக மண்டியிடுவோரில் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. டாடா தேயிலைக் கம்பெனி அங்கு மருத்துவமனை நடத்தியது. தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த மாற்றுத் திறனாளிக் குழந்தைகளுக்காக 1991-இல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்க உதவியது. ‘சிருஷ்டி’ என்னும் பெயரில் அது வளர்ந்து, அப்பிள்ளைகள் இயற்கைச் சாயத்தில் துணி தோய்க்கவும், கையால் காகிதம் செய்யவும், பழப்பாகு காய்ச்சவும் கற்று, தம் உழைப்பால் ஊதியம் பெறுகின்றனர். சட்டம் வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் முன்னரே, எவரும் கட்டாயப்படுத்தாமல் செய்த பணி இது. போற்றத்தக்கது. 2005-இல் தோட்டங்கள் கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி என்னும் புதிய நிறுவனத்தின் கைக்கு மாறியபோது, தொழிலாளர்களும் பங்குதாரர்களாகச் சேர்க்கப்பட்டனர்.

அதே மூணாற்றில்தான் 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். முந்திய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனசை, இலாபம் குறைந்துவிட்டது என்று சொல்லி 10 விழுக்காடாகக் குறைத்ததே உடனடிக் காரணம். தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் அருகில் விடவில்லை. தாங்களே ‘பெண்பிள்ளை ஒருமை’ என்று கூடினர். ஒன்பது நாள் கழித்து, போனசும் கருணைத் தொகையுமாக 20 விழுக்காடு தர உடன்பாடு ஏற்பட்டது. தொடர்ந்து அக்டோபரில் கேரளத் தோட்டங்களின் நாட்கூலி தேயிலைக்கு 232 ரூபாயிலிருந்து 301 ஆகவும், ஏலத்துக்கு 267-இலிருந்து 330 ஆகவும் உயர்ந்தது. ஆக, மூணாற்றுப் பெண்கள் சாலையில் அமர்ந்ததன் பயன் தேவாரத்திலிருந்து ஜீப்பில் செல்லும் பெண்ணின் கூலிக் கணக்கையும் எட்டியது.

இதில் நாம் காண்பது என்ன? மருத்துவமனை வேண்டாம், பள்ளி வேண்டாம் என்று அப்பெண்கள் சொல்லவில்லை. அவையெல்லாம் இருந்தும் வயிறும் வாடகையும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் நாட்கூலியில்தான் அடங்கவேண்டியிருந்தது. கொடை எவ்வளவு அழகியதாயினும் கூலியின் இடத்தை நிரப்பாது. வீட்டின் இடத்தையும் நிரப்பாது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகள் புதையுண்டபோது 70 பேர் மாண்டனர். தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்கள் அவை. பிழைத்தவர்களுக்கு அரசு தந்த நிலத்தில் கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. நல்லதே. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த லயன்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வீடு முன்னரே கிடைத்திருக்கக் கூடாதா என்று கேட்காமல் இருக்க நம்மால் முடியவில்லை.

திருச்சபைக்கு இது புதிய கேள்வியன்று. ஃபிரான்சு நாட்டில் ரேம்ஸ் நகருக்கு அருகே, வால் தே புவா என்னுமிடத்தில் கம்பளி நூற்பாலை நடத்திய லெயோன் ஹார்மேல் (1829–1915) என்ற கத்தோலிக்க முதலாளியின் வரலாற்றை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். வீடு, சேமிப்பு நிதி, நோய்க்கால உதவி எல்லாம் தம் ஆலையில் அவர் ஏற்படுத்தினார். அதோடு நின்றிருந்தால் இன்று அவரை நினைவுகூர வேண்டியதில்லை. தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அமர்ந்து ஆலைக் காரியங்களைப் பேசும் மன்றம் ஒன்றையும் அமைத்தார். தொழிலாளிக்குச் செய்யும் நன்மையை அவனைக் கலக்காமல் செய்யலாகாது என்பது அவர் கொள்கை. 1887-இலும் 1889-இலும் பெருந்திரளான தொழிலாளர்களை உரோமைக்குத் திருப்பயணமாக அழைத்துச் சென்று பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் முன் நிறுத்தினார். அதே பாப்பரசர்தான் 1891-இல் ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை விடுத்து, தொழிலாளியும் அவன் குடும்பமும் எளிய முறையில் வாழப் போதுமான கூலி நீதியின்பாற்பட்டது என்று அறிவித்தார். உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய பாப்பரசர் 2-ஆம் அருள் சின்னப்பர், ஒரு பொருளாதார அமைப்பு நீதியானதா என்று சோதித்தறிய நியாயக் கூலியே உரைகல் என்றார். 2009-இல் 16-ஆம் ஆசீர்வாதப்பர், தொழில் நடத்துவோர் முதல் போட்டவருக்கு மட்டுமல்ல, வேலையாள், வாங்குபவர், சுற்றியுள்ள ஊர் ஆகிய அனைவருக்கும் பொறுப்புடையவர் என எழுதினார். இவை எல்லாவற்றுக்கும் முன்பே புனித யாகப்பர் தம் திருமுகத்தில், பிடித்து வைக்கப்பட்ட கூலி வானத்தை நோக்கிக் கூக்குரலிடுவதாக எழுதி வைத்துவிட்டார். பிடித்து வைத்த கூலியிலிருந்து கட்டிய பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் எழுதவில்லை; எழுதியிருந்தால் நன்றாயிருந்திராது.

நமது பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் உள்ளன. நம்மவரிலும் தோட்டம் உடையோர், கடை உடையோர், வண்டி உடையோர் உண்டு. 135-ஆவது பிரிவு தங்களைக் கட்டாதென்று அவர்கள் நிம்மதியாக இருக்கலாகாது. ஏற்றவேண்டிய அளவுக்கு மட்டும் ஆள் ஏற்றும் வண்டி, அந்தப் பெண்களுக்கு விபத்துக் காப்பீடு, கூலியைக் குறித்த நாளில் கையில் கொடுத்தல்: இவற்றுக்குக் கோடிகள் வேண்டியதில்லை. இவற்றைச் செய்தபின் திருவிழாவுக்குக் கொடி மரம் கொடுக்கட்டும்.

ஊரார் செய்யவேண்டியதும் இருக்கிறது. சமூகப் பொறுப்பு நிதி, கேளாத ஊரைத் தேடி வருவது அரிது. கம்பெனியின் சார்பில் பணி செய்யும் அறக்கட்டளையோ சங்கமோ 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 என்னும் படிவத்தின் வழி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்கவேண்டும்; வருமான வரிப் பதிவுகளும் மூன்றாண்டுப் பணி அனுபவமும் கேட்கப்படும். ஒரு சிற்றூர் தனியே இதைச் செய்வது கடினம். மறைமாவட்டச் சமூகப் பணிச் சங்கங்கள் கைகொடுக்கலாம். அதற்குமுன் எது வேண்டுமென்பதை ஊரே தீர்மானிக்கவேண்டும். வர்ணம் பூசிய நுழைவாயில் வேண்டுமா, அல்லது விடியற்காலை 4 மணிக்கே திறக்கும் குழந்தைக் காப்பகம் வேண்டுமா என்று வெளியூர்க் கம்பெனி அதிகாரிக்குத் தெரியாது. ஜீப்புக்குக் காத்து நிற்கும் தாய்க்குத் தெரியும்.

கிராமசபை கூடும் நாட்களில் மே முதல் நாளும் ஒன்று. 1955-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் தொழிலாளரான புனித சூசையப்பருக்கென ஏற்படுத்திய திருநாளும் அதுவே. பொதுவாகத் தோட்டங்களுக்கும் அன்று விடுமுறை. ஜீப்புகள் புறப்படாத அந்தக் காலையில், பூசை முடிந்து, அப்பெண்களும் சபைக்கு வந்து அமரலாம். காப்பகத்தைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் அவர்களே எழுந்து சொல்லலாம். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கலாம்.