ஒரு தகவலுக்கு ஒரே முகவரி

அம்பத்தூர் எந்த மாவட்டம்? 2017-ல் கேட்டிருந்தால் திருவள்ளூர் என்பதே சரியான விடை. 2018 ஜனவரியில் சென்னை மாவட்டத்தின் எல்லை விரிந்தபோது அம்பத்தூர் வட்டம் சென்னைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2011-ல், அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்துவிட்டது. பக்கத்திலிருக்கும் ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடர்கின்றன. ஆவடி மட்டும் 2019-ல் தனி மாநகராட்சி ஆனது.

ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பட்டறையின் கணினியில் அம்பத்தூர் வாடிக்கையாளர்கள் முந்நூறு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் மாவட்டத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தால், ஒரே அரசாணைக்காக முந்நூறு இடங்களில் திருத்த வேண்டும். இருநூற்றெண்பதைத் திருத்திவிட்டு இருபதை விட்டால், இரண்டு அம்பத்தூர்கள் உருவாகிவிடும். மாறாக, ஊர்களுக்கென்று தனிப் பட்டியல் ஒன்றை வைத்து, வாடிக்கையாளர் பெயருக்கு எதிரில் ஊரின் எண்ணை மட்டும் குறித்திருந்தால் திருத்த வேண்டியது ஒரே வரி. முந்நூறு பேரும் அந்த நொடியே சென்னை மாவட்டத்துக்காரர்கள்.

தரவுத்தளம் என்று நாம் சொல்லும் டேட்டாபேஸின் அடிப்படை விதி இதுதான்: ஒரு தகவல் ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும். 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், இந்த எண்ணத்தைக் கணித வடிவில் எழுதி வெளியிட்டார். அதற்கு முன்பிருந்த முறைகளில் ஒரு தகவலை எடுக்க, அது எந்த வழியில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது நிரலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட் எல்லாவற்றையும் எளிய அட்டவணைகளாகப் பிரித்தார். அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையை இயந்திரத்திடம் விட்டார். 1981-ல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது கிடைத்தது. இன்று வங்கி முதல் பத்திரப்பதிவு வரை பெரும்பாலான தரவுத்தளங்கள் அவர் போட்ட பாதையில்தான் ஓடுகின்றன.

ஐந்நூறு வார்ப்புகள் எங்கே?

அம்பத்தூரில் இந்த விதிக்குக் கடுமையான சோதனை, பிறர் பொருளில் வேலை செய்து திருப்பித் தரும் ஜாப் வொர்க்கில் வருகிறது. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே இங்கு வந்துவிட்டது. பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகளும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அடுத்தடுத்து எழுந்தன. 1960-களில் மாநில அரசு உருவாக்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைகள் பெருகின.

இங்கே ஒரு பாகம் ஒரே கூரையின் கீழ் முடிவதில்லை. பெரிய கம்பெனியிலிருந்து 500 வார்ப்புகள் டெலிவரி சலானோடு வருகின்றன. லேத்தில் கடைந்தபின் ஹீட் ட்ரீட்மென்டுக்கு இன்னொரு பட்டறைக்குப் போகின்றன. அங்கிருந்து முதலில் 300, பிறகு 190 திரும்புகின்றன. அதில் சில ரிஜெக்‌ஷன். மிச்சம் பிளேட்டிங்குக்குப் போகிறது. இதற்கிடையே கம்பெனியிலிருந்து போன்: “எங்க மெட்டீரியல் இப்ப எங்க, எத்தனை இருக்கு?”

சந்தையில் விற்கும் பில்லிங் மென்பொருள்கள் பெரும்பாலும் விற்பனையையும் கொள்முதலையும் சுற்றி அமைந்தவை. ஜாப் வொர்க்கில் பொருள் கைமாறுகிறதே தவிர, உரிமை மாறுவதில்லை. தவிர, ஒவ்வொரு பட்டறையின் வேலை ஓட்டமும் வேறு. தனக்கென்றே ஒரு மென்பொருள் எழுதித் தரச்சொல்லி உள்ளூர் நிரலாளரைத் தேடும் தேவை இங்குதான் பிறக்கிறது.

நல்ல நிரலாளர் ‘மீதி இருப்பு’ என்று ஒரு கட்டம் போட்டு அதில் எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்ல மாட்டார். போனது ஒரு வரி, வந்தது ஒரு வரி என்று அசைவுகளை மட்டும் பதிவுசெய்வார். 500 போனது, 300-ம் 190-ம் வந்தன, ஆகவே வெளியில் 10. கணக்கிட்டு அறியக்கூடிய எண்ணைத் தனியாகச் சேமித்தால், அது ஒருநாள் அசைவுகளோடு முரண்படும். அப்போது எதை நம்புவது என்று யாருக்கும் தெரியாது.

சட்டமும் இதையே கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ம் பிரிவின்படி, ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே வழங்கல் நடந்ததாகக் கொண்டு வரி வரும். எந்தச் சலானில் போனது எந்தச் சலானில் திரும்பியது என்று கோர்த்து வைத்திருந்தால், பதினோராம் மாதத்திலேயே கணினி எச்சரிக்கும். மொத்த இருப்பை மட்டும் வைத்திருக்கும் நோட்டுக்கு அது முடியாது.

ஃப்ளாப்பியில் போன காலம்

மென்பொருளை எழுதியாயிற்று. அதை எப்படிக் கொண்டுசேர்ப்பது? வேய்ன் ராட்லிஃப் என்ற அமெரிக்கர் கால்பந்துப் பந்தயக் கணக்குக்காக எழுதத் தொடங்கிய நிரல், 1980-களின் தொடக்கத்தில் டிபேஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சிறு கணினியிலும் தரவுத்தளம் ஓடும் என்று அது காட்டியது. ஆனால் வாடிக்கையாளரும் டிபேஸை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. கிளிப்பர் என்ற மென்பொருள் அந்தத் தடையை உடைத்தது. எழுதிய நிரலை அது தனியே இயங்கும் கோப்பாக மாற்றித் தந்தது; ஒரு ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். பிறகு ஃபாக்ஸ்ப்ரோ என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் வந்தது. அதை உருவாக்கிய நிறுவனத்தை 1992-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கணினிப் பயிற்சி மையங்களில் ஒரு தலைமுறையே ஃபாக்ஸ்ப்ரோ படித்து வெளியே வந்தது.

இந்த விநியோகத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. நாற்பது பட்டறைகளுக்குக் கொடுத்தால் நாற்பது பிரதிகள். ஒரு பிழையைத் திருத்த நாற்பது வாசல் ஏற வேண்டும். 2017 ஜூலை 1 அன்று கலால் வரியும் வாட் வரியும் போய் ஜி.எஸ்.டி. வந்தபோது இதன் முழு எடையும் தெரிந்தது. வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எண்ணாக எழுதியிருந்தவர்கள் நிரலையே மாற்ற வேண்டியிருந்தது. விகிதத்தை ஓர் அட்டவணையில், ‘எந்தத் தேதியிலிருந்து’ என்ற கட்டத்தோடு வைத்திருந்தவர்களுக்கு வேலை குறைவு. 2025 செப்டம்பர் 22-ல் விகிதங்கள் மீண்டும் மாறியபோதும் அதே கதைதான்.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. விகிதம் மாறினால் பழைய பில்லும் மாறிவிடக் கூடாது. அம்பத்தூர் வாடிக்கையாளருக்கு 2016-ல் அடித்த பில்லை இன்று திரும்ப அச்சிட்டால், அதில் அன்றைய வரியும் அன்றைய திருவள்ளூர் மாவட்டமும்தான் வர வேண்டும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைப்பதுபோல் இது தோன்றும். உண்மையில் இவை இரண்டு தகவல்கள்: வாடிக்கையாளரின் இன்றைய முகவரி ஒன்று, அன்று பில்லில் அச்சான முகவரி இன்னொன்று. இந்த வேறுபாட்டைப் பிடிப்பதில்தான் அனுபவமுள்ள நிரலாளர் தனித்துத் தெரிகிறார்.

இருவர் ஒரே நேரத்தில்

பட்டறை வளர்ந்து ஒரு கணினி மூன்றாகும்போது அடுத்த சோதனை. ஸ்டோரில் 100 பாகங்கள் இருக்கின்றன. இரண்டு மேசைகளில் இருவர் ஒரே நேரத்தில் திரையைத் திறக்கிறார்கள். இருவருக்கும் 100 என்றே தெரிகிறது. ஒருவர் 60 அனுப்பிவிட்டு மீதி 40 என்று சேமிக்கிறார். மற்றவர் 30 அனுப்பிவிட்டு 70 என்று சேமிக்கிறார். கடைசியாக எழுதியது நிற்கும். கணினியில் 70, ரேக்கில் 10.

கோப்பைப் பொது ஃபோல்டரில் வைத்து ஒவ்வொரு கணினியும் நேரடியாக எழுதிய நாட்களில் இப்படி நேர்வது எளிது. எழுதும்போதே கரன்ட் போனால் கோப்பே கெட்டுப்போகும். சர்வர் முறையில் கோப்பைத் தொடும் உரிமை ஒரே ஒரு நிரலுக்குத்தான். மற்றவர்கள் அதனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ‘டிரான்சாக்‌ஷன்’ என்ற ஏற்பாட்டின்படி ஒரு வேலை முழுதாக முடிய வேண்டும், அல்லது தொடங்காத நிலைக்கே திரும்ப வேண்டும். பாதியில் நிற்கக் கூடாது. இதற்கு உறுதியான அடித்தளம் அமைத்த ஜிம் கிரே 1998-ல் டூரிங் விருது பெற்றார்.

வலைக்கு வந்தபின்

சர்வர் வந்ததும் அடுத்த படி எளிது: கேட்பவர் பக்கத்து மேசையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இணைய உலாவி கேட்கும், வலைச் சர்வர் அந்தக் கேள்வியைச் சரிபார்க்கும், அதற்குப் பின்னால் தரவுத்தளம் விடை தரும். நாற்பது பிரதிகளுக்குப் பதில் ஒன்று. ஓரிடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் திருந்திவிடும். சென்னையில் வளர்ந்த ஸோஹோ 2006-ல் வெளியிட்ட கிரியேட்டர் போன்ற சேவைகளில், அதிகம் நிரல் எழுதாமலே படிவங்களையும் அட்டவணைகளையும் உலாவிக்குள்ளேயே அமைக்கலாம். வெளியுலகோடு பேசாமல் இருக்கவும் இனி வழியில்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள், பிற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை அரசின் தளத்தில் பதிந்து, 64 எழுத்து நீளமுள்ள அடையாள எண்ணைப் பெற வேண்டும்.

வசதியோடு ஆபத்தும் வருகிறது. வாடிக்கையாளர் தன் சலானைப் பார்க்கும் பக்கத்தின் முகவரியில் 1041 என்ற எண் இருக்கிறது. அவர் அதை 1042 என்று மாற்றிப் பார்க்கிறார். போட்டிக் கம்பெனியின் சலான் திறந்தால், அந்த மென்பொருள் ‘யார்’ என்று வாசலில் கேட்டதோடு சரி, ‘இது உன்னுடையதா’ என்று கேட்க மறந்துவிட்டது. தேடல் கட்டத்தில் பெயருக்குப் பதிலாகத் தரவுத்தளக் கட்டளையைத் தட்டி உள்ளே நுழைவது இன்னொரு பழைய தந்திரம். தட்டச்சு செய்வது எதுவாயினும் அதை வெறும் தகவலாக மட்டும் நடத்தும்படி எழுதினால் அது பலிக்காது. இரண்டுமே பல ஆண்டுகளாக அறியப்பட்ட ஓட்டைகள். இரண்டும் இன்றும் நடக்கின்றன. தரவுத்தளத்தை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்கவே கூடாது. வெளியே தெரிய வேண்டியது வலைப்பக்கம் மட்டும்.

ஓரிடம், பல பிரதி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. இயந்திரங்கள் நீரில் நின்றன. மேசைக்கு அடியில் சர்வரும், மேசை டிராயரில் அதன் பேக்கப்பும் இருந்தால், வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

ஒரு தகவல் ஓரிடத்தில் என்ற விதிக்கு ஒரே பிரதி என்று பொருளில்லை. திருத்தும் உரிமை ஓரிடத்தில் இருக்க வேண்டும். அதைப் பின்பற்றும் நகல்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில் என்பது இத்துறையில் பழகிய விதி. தரவு மையங்களும் இதே கொள்கையில் இயங்குகின்றன. கடலடிக் கேபிள்கள் கரையேறும் சென்னையில், அம்பத்தூரே இப்போது தரவு மையங்களின் முக்கிய இருப்பிடங்களில் ஒன்று. என்.டி.டி. நிறுவனம் 2023-லும் டிஜிட்டல் கனெக்‌ஷன் நிறுவனம் 2024-லும் இங்கு மையங்களைத் திறந்தன. ஆனால் வாடகைக்கு எடுத்த சர்வரில் இருப்பதாலேயே பேக்கப் தானாக எடுக்கப்படும் என்று நம்பிவிடக் கூடாது. எடுத்த பேக்கப்பிலிருந்து ஒருமுறையேனும் தரவை மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

மென்பொருள் எழுதித் தருபவரிடம் பட்டறைக்காரர் திரையின் அழகைப் பற்றியும் விலையைப் பற்றியும் கேட்பார். அவற்றுக்கு முன் கேட்க வேண்டியது வேறு: “நாளைக்கு உங்களை விட்டு நான் போனால், என் தரவை எந்த வடிவத்தில் தருவீர்கள்?” ஃபாக்ஸ்ப்ரோவுக்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்தது. ஆனால் அதில் சேமித்த அட்டவணைக் கோப்புகளின் வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்ததால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸில்கூட அவற்றை இன்றும் திறக்கலாம். இருபது வருடச் சலான்களின் ஆயுள் எந்த மென்பொருளின் ஆயுளையும்விட நீண்டது. ஆகவே அந்தக் கேள்விக்கான விடை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வந்துவிட வேண்டும்.