வாடகை வீட்டு மண்ணும் ஐப்பசி மழையும்



நாகர்கோவில் வண்டியிலும் திருநெல்வேலி வண்டியிலும் தம்பானூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிற நாம், நம்முடைய கால்களுக்குக் கீழே ஒரு நீரோடை செல்வதைப் பெரும்பாலும் அறியோம். ஆமயிழஞ்சான் தோடு என்பது அதன் பெயர். தண்டவாளங்களுக்கும் நடைமேடைகளுக்கும் அடியில் நூறு மீட்டருக்கும் அதிகமான தூரம் அது சுரங்கத்தினுள் ஓடுகின்றது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி, அதில் தேங்கியிருந்த கழிவை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவரைத் திடீரெனப் பெருகிய மழைநீர் இழுத்துக்கொண்டு போயிற்று. நீரில் மூழ்கித் தேடியோர் குப்பைக் குவியலுக்குள் வழி காணாமல் தவித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் தகரப்பறம்பு பக்கத்தில் அவருடைய சரீரம் கண்டெடுக்கப்பட்டது. அந்தச் சுரங்கத்தை அடைத்திருந்தவை இந்த நகரம் எறிந்தவையே.

நாம் பையில் கட்டி எறிவதில் பிளாஸ்டிக்கை நீக்கிப் பாருங்கள். காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, மீன் செதில், முந்தின நாள் சோறு. தண்ணீரில் விழுந்தால் நாறுகிற இவை யாவும் நிலத்தில் விழுந்தால் ஆகாரம். நம்முடைய முற்றத்து மண்ணோ அந்த ஆகாரத்திற்காகப் பசித்திருக்கின்றது.

ஏன் பசித்திருக்கின்றது என்பதைச் சற்று விளக்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் பயிரிட்டுப் பழகியவர்களும், சாத்தான்குளம், திசையன்விளைத் தேரி மணலைக் கண்டவர்களும் நம் சபைகளில் அநேகர். அவர்கள் இங்கே வந்து நிலத்தைக் கொத்தினால் கையில் வருவது செம்புரைக்கல் மண். பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஆங்கிலேயக் கம்பெனியின் மருத்துவர், மலப்புறம் பகுதியிலுள்ள அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லைச் செங்கல்லைப்போல் வெட்டி வீடு கட்டுவதைக் கண்டு, 1807-ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். உலகமெங்கும் இன்று வழங்கும் அந்தப் பெயர் கேரளத்தில் பிறந்ததே. காலங்காலமாகப் பெய்த மழை, மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் சாம்பல் சத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விட, கரையாத இரும்பும் அலுமினியமும் மீந்து நின்றன. அந்தச் செந்நிறம் இரும்பின் துரு.

ஆகையால் கரிசலுக்கும் இதற்கும் நேர் எதிரான குணம். கரிசல் காரத்தன்மை உள்ளது, நீரைப் பிடித்து வைப்பது. இதுவோ அமிலத்தன்மை உள்ளது. மலையாளிகள் புளிரசம் என்பார்கள். புளித்த மண்ணில் மணிச்சத்தை எவ்வளவு இட்டாலும் இரும்பும் அலுமினியமும் அதைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும். வேருக்குக் கிடைப்பது அற்பம். ஊரில் தகப்பனார் செய்தபடியே சாணமும் சாம்பலும் போட்டும் கத்தரி காய்க்கவில்லை என்று நம்முடைய சகோதரிகள் சொல்லும்போது, குறை அவர்களுடைய கையில் இல்லை.

மேல்நாட்டார் இலையுதிர் காலத்தில் உதிர்ந்த இலைகளை மக்கவைத்து அடுத்த பருவத்துக்கு நிலத்தை ஆயத்தப்படுத்துவார்கள். நமக்கு அப்படியொரு காலம் இல்லை. ஆனால் இடவப்பாதி மழை செப்டம்பரில் ஓய்ந்து, துலாவர்ஷம் என்னும் ஐப்பசி மழை அக்டோபர் நடுவில் தொடங்குமுன் ஒரு சிறிய இடைவெளி உண்டு. அதுவே நமக்கு ஏற்ற சமயம். கானான் தேசத்திலும் கோடை முழுவதும் வறண்டு இறுகிய நிலத்தை அக்டோபர், நவம்பரில் பெய்யும் முன்மாரிதான் இளக்கிற்று. அதன் பின்னரே ஏர் இறங்கிற்று. பின்மாரியைக் குறித்து எத்தனையோ எழுப்புதல் கூட்டங்களில் பிரசங்கித்திருக்கிறோம். முன்மாரி முதலாவது ஓர் உழவனுடைய காரியம் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

முதல் வேலை சுண்ணாம்பு. வேம்பநாட்டுக் காயலின் கக்காச் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு உரக்கடைகளில் நீற்றுகக்கா என்ற பெயரில் கிடைக்கும். டோலமைட் தூளும் ஆகும், அதில் மக்னீசியமும் உண்டு. மண்ணைச் சோதித்து அளவு அறிவது நலம். அருகிலுள்ள கிருஷி பவனில் கேட்டால் வழி சொல்லுவார்கள். 1987 முதல் உள்ள அலுவலகங்கள் அவை. அங்கே செல்ல நம்மவர்கள் மொழிக்கூச்சம் கொள்ளத் தேவையில்லை. பொதுவாகச் சென்டுக்கு 2 கிலோ, அதாவது பத்தடிக்குப் பத்தடிப் பாத்திக்கு ஏறக்குறைய அரைக் கிலோ, ஈரமுள்ள மண்ணில் தூவிக் கொத்திவிட வேண்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் இடுவது மட்டும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் சாணத்திலுள்ள தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு வாரத்திற்குப்பின் இடவேண்டியது மக்கிய உரம். அதற்கான ஆயத்தம் சமையலறையில் மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். தொடங்காதவர்கள் இந்த வருடம் மக்கிய சாணத்தை விலைக்கு வாங்கி, அடுத்த பருவத்துக்காக இப்போது தொடங்கலாம்.

இந்த நகரத்துக்கு அந்தப் பாடம் எளிதில் வரவில்லை. திருவனந்தபுரத்தின் குப்பை முழுவதும் 2000-ஆம் ஆண்டு முதல் விளப்பில்சாலை என்னும் கிராமத்து ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்றத்தாலும் கெட்டுப்போன தண்ணீராலும் வாடின அவ்வூர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2011 டிசம்பரில் ஆலை பூட்டப்பட்டது. நகரம் திகைத்தது. அதன் பிறகே, உண்டாகிற இடத்திலேயே கழிவை மக்கவைப்பது என்ற வழிக்கு மாநகராட்சி திரும்பிற்று. தெருவோரங்களில் நீங்கள் காணும் தொட்டிகள் தும்பூர்முழி முறையில் அமைந்தவை. திருச்சூர் மாவட்டத்தில் தும்பூர்முழியிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையில் உருவான முறை அது: சாணம், சருகு, கழிவு என்று அடுக்கடுக்காய் இட்டால், காற்றோட்டத்தில் உள்ளே சூடேறி, ஏறக்குறைய 90 நாட்களில் உரமாகும்.

வீட்டுக்கோ ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் மூன்று வாளிகள் போதும். அன்றன்று உண்டாகும் கழிவை மேல்வாளியில் இட்டு, நுண்ணுயிர் சேர்த்த தென்னை நார்க்கழிவை ஒரு கை தூவி மூட வேண்டும். வாளி நிறைந்தால் கீழே இறக்கிவிட்டு, வெறுமையான வாளியை மேலே வைக்க வேண்டும். மூன்றாம் வாளி நிறையும்போது முதல் வாளி கருத்து, மண்வாசனை வீசும். நாற்றம் எடுத்தால் ஈரம் மிகுந்தது என்று அர்த்தம். காய்ந்த சருகோ கிழித்த செய்தித்தாளோ சேருங்கள், அடங்கிவிடும். குழம்பையும் ரசத்தையும் வாளியில் ஊற்றாதீர்கள்.

தேங்காய்க் கதம்பையிலிருந்து நார் எடுத்தபின் உதிரும் தூளாகிய நார்க்கழிவைக் குறித்து ஓர் எச்சரிப்பு. அது தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். மழை ஓய்ந்ததும் காய்ந்துபோகும் நம் மண்ணுக்கு உகந்தது. ஆனால் பச்சையாய் இட்டால் கேடு. கரிச்சத்து மிகுந்து தழைச்சத்து குறைந்த பொருள் அது. மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளித்து நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சிப்பிக்காளான் வித்தையும் சிறிது யூரியாவையும் சேர்த்து அதை மக்கவைக்கும் முறையைப் பரப்பினார்கள். ஆகவே கடையில் வாங்கும்போது மக்கியதுதானா என்று கேட்டு வாங்குங்கள். மொட்டைமாடியில் பைகளில் வளர்ப்போர் மண், மக்கிய நார்க்கழிவு, உலர்ந்த சாணப்பொடி மூன்றையும் சம அளவில் கலந்தால் சரியாயிருக்கும். கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு.

இத்தனையும் சொல்லும்போது எப்போதும் எழும் கேள்வி ஒன்று உண்டு. "பாஸ்டர், பதினொரு மாத ஒப்பந்த வீடு இது. அடுத்தவர் மண்ணுக்கு நாம் ஏன் எரு சுமக்க வேண்டும்?"

நியாயமான கேள்விதான். வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்கப்போவதில்லை. ஆனால் லூக்கா 13-ஆம் அதிகாரத்தின் அத்திமர உவமையை மறுபடியும் வாசியுங்கள். மூன்று வருடம் கனியற்ற மரத்தை வெட்டச் சொன்னவன் சொந்தக்காரன். இன்னும் ஒரு வருடம் கேட்டவனோ அங்கே வேலை செய்த தோட்டக்காரன். மரமும் அவனுடையதல்ல, நிலமும் அவனுடையதல்ல. அவன் மரத்தைத் தொடுவதாகவும் சொல்லவில்லை. வேரைச் சுற்றியுள்ள மண்ணைக் கிளறி எரு இடுவதாகவே சொன்னான். மறுவருடம் அது கனி கொடுத்ததா என்பதை வேதம் நமக்கு எழுதி வைக்கவில்லை. எரேமியா 29-இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு வந்த நிருபமும் அப்படிப்பட்டதே. எருசலேமுக்குத் திரும்ப எழுபது வருடம் ஆகும் என்று அறிவித்த அதே நிருபத்தில்தான், அந்நிய தேசத்து மண்ணில் தோட்டம் நாட்டும்படியும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படியும் கர்த்தர் கட்டளையிட்டார். நாமோ சிறைப்பட்டு வரவில்லை. 1956 நவம்பர் வரை நாகர்கோவிலும் இந்நகரமும் ஒரே ராஜ்யத்தில் இருந்தவை.

நிற்க. எரு இட்டபின் மண்ணைத் திறந்து விடாதீர்கள். ஐப்பசி மழை இடியோடு கொட்டும் மழை. வெறும் மண்ணில் அது விழுந்தால் இட்டதையெல்லாம் கழுவிக்கொண்டு அதே ஆமயிழஞ்சான் தோட்டில் சேர்த்துவிடும். சருகு, வாழைச்சருகு, வேலியிலுள்ள சீமைக்கொன்றையின் தழை எதுவானாலும் நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்கு இடுங்கள். செடியின் தண்டை ஒட்டி மட்டும் போடவேண்டாம், அழுகும். மூடாக்கின் கீழே சில வாரங்களில் மண்புழு சேரும். ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் மண்புழுக்களின் வயிற்றின் வழியாய்ப் போகிறது என்று 1881-இல் சார்லஸ் டார்வின் எழுதினார். அவருடைய மற்றப் போதனைகளை நாம் ஏற்பதில்லை. புழுவைக் குறித்து அவர் சொன்னது சரியே.

வெண்டையும் பயறும் மிளகாயும் அக்டோபர் கடைசியில் ஊன்றலாம். முட்டைக்கோசும் காலிபிளவரும் இந்த ஊரில் விளையுமா என்று சந்தேகிப்போர், நவம்பர் முதல் வாரத்திற்குள் நாற்று நட்டுப் பார்க்கட்டும். குளிர் மாதங்களில் இங்கேயும் திரளும். தண்டுக்கீரையைப் பெருமழை சாய்த்துவிடும் ஆனபடியால் டிசம்பரில் மழை தெளிந்தபின் விதையுங்கள். முப்பது நாளில் பறிக்கலாம். மண் ஆறிற்றா என்பதை அதன் இலை சொல்லிவிடும்.