உப்பில் ஊறும் வடு

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் குடவோலைத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் பொறித்த அதே கல்வெட்டில் தோட்ட வாரியமும் இருக்கிறது. ஊர்த் தோட்டங்களைக் கவனிக்க 12 பேர், பதவிக்காலம் 360 நாள். ஏரி வாரியத்துக்கு 6 பேர்தான்!

அப்படியோர் ஊர்ப் பொதுத் தோப்பில் மாமரம் இருந்தால், மாசி பங்குனிதான் மாவடு பறிக்கும் காலம். உதிர்ந்து அடிபட்டது சீக்கிரம் அழுகும். காம்போடு பறித்ததே ஊறுகாய்க்கு ஆகும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவிப் பிசறுங்கள். பிறகு ஜாடியில் ஓர் அடுக்கு வடு, அதன்மேல் கல்லுப்பு, மஞ்சள்தூள், கடுகுப்பொடி, மிளகாய்த்தூள். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். வடுவில் இருக்கும் நீரை உப்பே வெளியே இழுத்துவிடும். தினமும் ஜாடியைக் குலுக்கிவிட்டால், சில நாளில் வடு தன் நீரிலேயே மூழ்கித் தோல் சுருங்கும். உப்பைக் குறைத்தால் பூஞ்சை பிடிக்கும், சிக்கனம் இங்கே உதவாது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் மட்டும் ஊறுகாயையே குறைத்துக்கொள்ளலாம்.

மத்தியதரைக்கடல் நாடுகளில் ஆலிவ் காய்க்கும் இதே உப்பு வைத்தியம்தான். அந்தக் காயின் கசப்பு இறங்கப் பல மாதம் ஆகும். நம் வடுவுக்கு இரண்டு மூன்று வாரமே போதும். தயிர்சாதம் அதுவரை காத்திருக்குமா என்பது உங்கள் வீட்டு விஷயம்.